சுனாமி அன்று கடல் முதலில் உள்வாங்கியதா? நடந்ததை நினைவு திரும்பக் கட்டும் விதம்

ஒவ்வொரு டிசம்பர் 26-ம் தேதியும் கடலூர் தேவனாம்பட்டினத்தில் கடலில் பாலூற்றி அஞ்சலி செலுத்துகிறார்கள். அன்று டிவியிலும் யூடியூபிலும் 2004 சுனாமியை நேரில் பார்த்தவர்களின் பேட்டிகள் வரும். நாலைந்தைச் சேர்த்துப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். "முதல்ல கடல் உள்ள போச்சு, அப்புறம்தான் அலை வந்துச்சு" என்பார் ஒருவர். "திடீர்னு தண்ணி ஏறுச்சு, அது வடியும்போதுதான் தரை தெரிஞ்சுது" என்பார் அதே குப்பத்துக்காரர் இன்னொருவர். இருவரில் யார் பொய் சொல்கிறார்கள்? அநேகமாக இருவருமே இல்லை.

முதலில் கடலின் கணக்கைப் பார்த்துவிடலாம். சுமத்ராவுக்கு அருகே கடலடி நிலநடுக்கம் ஏற்பட்டது இந்திய நேரம் காலை 6.29 மணிக்கு. கடல்தரை மேற்குப் பக்கம் உயர்ந்தது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. அதனால் தாய்லாந்தை நோக்கிப் போன அலையின் முன்பகுதி பள்ளம். அங்கே கடல் முதலில் உள்வாங்கியது. இந்தியாவையும் இலங்கையையும் நோக்கி வந்த அலையின் முன்பகுதி மேடு. சென்னைத் துறைமுகத்தில் கடல்மட்டத்தை அளக்கும் கருவியான அலைமானியில் காலை 9 மணியைத் தாண்டி முதலில் பதிவானதும் நீர்மட்ட உயர்வுதான். அதற்குப் பிறகு, ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில், கடல் வெகுதூரம் பின்வாங்கியது.

ஆகவே கடல் உள்வாங்கியதைப் பார்த்தேன் என்பவர் நிஜமாகவே பார்த்திருக்கிறார். இடம் மாறியிருக்கக்கூடியது வரிசை. அதன் பிறகு 20 ஆண்டுகளாகத் தாய்லாந்துக் காட்சிகளைப் பார்த்திருக்கிறார். "கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு" என்ற பேரிடர் விழிப்புணர்வுப் பாடத்தையும் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். பார்த்ததும் கேட்டதும் ஒரே கதையாகச் சேர அது போதும். நினைவு என்ற வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இதில் அதிசயம் எதுவும் இல்லை.

மூளைக்குள் என்ன நடக்கிறது

நினைவு என்பதில் மூன்று கட்டங்கள் உண்டு. அனுபவம் மூளையில் பதிவது குறியாக்கம். பதிந்தது நாள்பட உறுதியாவது நிலைப்படுத்தல். வேண்டும்போது அதை வெளியே கொண்டுவருவது மீட்டெடுத்தல். முதல் கட்டத்தில் மட்டும்தான் தவறு நேரும், அதன்பின் சரக்கு பத்திரமாக இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். மூன்றிலுமே மாறும்.

ஓர் அனுபவம் மூளையில் ஓரிடத்தில் முழுசாகச் சேமிக்கப்படுவதில்லை. மூளையின் மேலடுக்கான புறணியில், பார்த்தது பார்வைப் புறணியிலும், கேட்டது செவிப் புறணியிலும் தடம் விடுகின்றன; அச்சத்தின் அழுத்தம் அமிக்டலா என்ற உட்பகுதியில் தடம் விடுகிறது. எந்தெந்தத் தடங்கள் ஒரே சம்பவத்தைச் சேர்ந்தவை என்று முடிச்சுப் போடுவது மூளையின் உள்ளே இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி. இதன் முக்கியத்துவம் தெரியவந்தது ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கரால். கடும் வலிப்பு நோய்க்காக 1953-ல் அவருக்கு நடந்த அறுவைச் சிகிச்சையில், மூளையின் இருபுறமும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதி அகற்றப்பட்டது. பேச்சும் அறிவுத்திறனும் குறையவில்லை. பழைய நினைவுகளும் நிறையவே இருந்தன. ஆனால் அன்று காலை சந்தித்தவரை மாலையில் அவருக்குத் தெரியாது. 2008-ல் இறக்கும்வரை அப்படியே இருந்தார்.

மீட்டெடுக்கும்போது கிடைப்பவை இந்தச் சிதறிய தடங்களில் சிலவே. இடைவெளிகளை மூளை தன் பொது அறிவைக் கொண்டு நிரப்புகிறது. புள்ளிக் கோலம் போடுவது போன்ற வேலை இது: புள்ளிகள் சில, அவற்றைச் சுற்றும் கோடு ஒவ்வொரு முறையும் கைப்பழக்கத்தில் புதிதாக இழுக்கப்படுகிறது. எது புள்ளி, எது அப்போது இழுத்த கோடு என்பது நினைவுகூர்பவருக்கே தெரியாது. சிக்கல் முழுவதும் இங்கேதான்.

இடைவெளியை நிரப்பப் பயன்படும் இந்தப் பொதுவான அச்சை உளவியலில் ஸ்கீமா என்பார்கள். கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932-ல் வெளியிட்ட சோதனைகளில், வட அமெரிக்கப் பழங்குடிகளின் நாட்டுப்புறக் கதை ஒன்றை ஆங்கிலேயர்களுக்குப் படிக்கக் கொடுத்துப் பிறகு சொல்லச் சொன்னார். கதை சுருங்கியது. புரியாத இடங்கள் உதிர்ந்தன, அல்லது அவர்களுக்குப் பழக்கமான காரணங்களைப் பெற்றன. அறியாத ஓடம் அறிந்த படகாக மாறியது. 1981-ல் புரூவர், ட்ரேயன்ஸ் இருவரும் மாணவர்களை ஓர் ஆய்வாளரின் அலுவலக அறையில் 35 விநாடி காத்திருக்க வைத்து, பிறகு அங்கே என்ன இருந்தது என்று கேட்டார்கள். 30 பேரில் 9 பேர் புத்தகங்கள் இருந்ததாகச் சொன்னார்கள். அந்த அறையில் ஒரு புத்தகம்கூட இல்லை.

நினைவுக்குள் வெளியாள் நுழையும் வழிகள்

1. கேள்வியின் வழியாக. 1974-ல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 45 மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைக் காட்டினார்கள். கார்கள் "நொறுங்க மோதிக்கொண்டபோது" என்ன வேகம் என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40.5 மைல், அதாவது சுமார் 65 கி.மீ. என்றார்கள். "தொட்டுக்கொண்டபோது" என்று கேட்கப்பட்டவர்கள் 31.8 மைல் என்றார்கள். சுமார் 51 கி.மீ. அடுத்த சோதனையில் ஒரு வாரம் கழித்து உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். "நொறுங்க" என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் ஆம் என்றார்கள். வெறுமனே "மோதியபோது" என்று கேட்டிருந்த 50 பேரில் 7 பேர். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை.

இதை நம் பக்கத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். புதுச்சேரி–கடலூர் சாலையில் முள்ளோடை அருகே பைக்கும் ஆட்டோவும் மோதியதாக வைத்துக்கொள்வோம். "என்ன ஸ்பீடுல வந்து தூக்குனான்?" என்று கேட்டால் ஒரு விடை வரும்; "எப்படி உரசுச்சு?" என்றால் வேறு விடை வரும். வேகம் பற்றிய விடை மட்டும் மாறினால் பரவாயில்லை. கேள்வியோடு சேர்ந்து காட்சியே மாறிப் பதிந்துவிடுகிறது. அடுத்த முறை நடுநிலையாகக் கேட்டாலும் மாறிய காட்சிதான் வரும்.

2. பக்கத்தில் நின்றவர் வழியாக. 2003-ல் ஃபியோனா கேபர்ட்டும் உடன் ஆய்வாளர்களும் ஒரே சம்பவத்தை இரு கோணங்களில் படம் பிடித்தார்கள். ஒரு கோணத்தில் தெரிவது மற்றதில் தெரியாது. இருவர் இருவராகச் சேர்த்து, ஆளுக்கு ஒரு கோணத்தை மட்டும் பார்க்க வைத்து, பேசிக்கொள்ளவிட்டு, தனித்தனியே விசாரித்தார்கள். பேசிக்கொண்டவர்களில் 71 சதவீதம் பேர், தாங்கள் பார்க்கவே முடியாத, கூட்டாளி சொல்லி மட்டுமே தெரிந்த ஏதோ ஒன்றைத் தங்கள் சாட்சியத்தில் சேர்த்தார்கள். நிவாரண முகாமில் நாலு நாள் ஒன்றாகத் தங்கியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள் என்றால், அதை நாலு சாட்சி என்று எண்ணக்கூடாது. ஒன்றரை என்று எண்ணலாம்.

3. படத்தின் வழியாக. 2002-ல் கிம்பர்லி வேடும் குழுவினரும் 20 பேருக்கு அவரவர் சிறுவயதுப் படத்தை வெப்பக்காற்று பலூனில் ஒட்டிக் காட்டினார்கள். யாருமே பலூனில் போனவர்கள் இல்லை. மூன்று சந்திப்புகள் முடிவதற்குள் பாதிப் பேர் அந்தப் பயணத்தை ஓரளவேனும் நினைவுகூர்ந்தார்கள். இது வாட்ஸ்அப் பரவலாவதற்கு முன் நடந்தது. இப்போது ஒவ்வொரு மழைக்கும் பழைய வெள்ள வீடியோக்கள் புதுத் தேதியோடு சுற்றுகின்றன. தான் நின்று பார்த்ததும் போனில் பார்த்ததும் ஒரே ஆறு, ஒரே பாலம் என்னும்போது, எது எங்கிருந்து வந்தது என்ற சீட்டு கழன்றுபோகிறது. சரக்கு நிற்கிறது, வந்த இடம் மறந்துவிடுகிறது. இதற்கு மூலக் குழப்பம் என்று பெயர்.

4. நினைப்பதன் வழியாகவே. 2000-ல் கரீம் நாடர், கிளென் ஷேஃப், ஜோசப் லெடூ மூவரும் எலிகளிடம் காட்டியது இது: உறுதியாகிவிட்ட அச்ச நினைவைக்கூட ஒருமுறை தூண்டிவிட்டால் அது மீண்டும் இளகுகிறது. அந்த நேரத்தில் அமிக்டலாவில் புரத உற்பத்தியை மருந்தால் தடுத்தால், நினைவு திரும்ப உறுதியாவதில்லை. இதை மீள்நிலைப்படுத்தல் என்கிறார்கள். மனிதர்களிடம் நடந்த சோதனைகளின் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. எனவே "நினைவை அழிக்கும் மாத்திரை வந்துவிட்டது" என்ற ரகச் செய்திகளை நம்ப வேண்டாம். நடைமுறையில் கவனிக்க வேண்டியது வேறு. பத்துப் பேரிடம் பத்து முறை சொன்ன கதையில், கடைசியாகச் சொன்ன முறையின் சாயல் ஏறியிருக்கும்.

"உசிர் உள்ளவரை மறக்காது" என்பது எவ்வளவு உண்மை

அதிர்ச்சியான நாள் மனதில் கல்வெட்டாக நிற்கும் என்பது பொதுவான நம்பிக்கை. 1977-ல் பிரவுன், குலிக் இருவரும் இத்தகைய நினைவுகளுக்குப் பளிச்சிடல் நினைவு என்று பொருள்படும் பெயரே வைத்தார்கள். அது கல்வெட்டுதானா என்று சோதித்தவர் உல்ரிக் நைசர். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையே எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம், செய்தியை எங்கே, யாரிடமிருந்து, என்ன செய்துகொண்டிருக்கும்போது கேட்டீர்கள் என்று அவரும் நிக்கோல் ஹார்ஷும் எழுதி வாங்கினார்கள். இரண்டரை ஆண்டுக்கு மேல் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகளைக் கேட்டார்கள். முதலில் எழுதியதோடு ஒத்துப்போவதற்குக் கொடுத்த 7 மதிப்பெண்ணில் சராசரி 3-ஐத் தொடவில்லை. 11 பேர் பூஜ்யம். ஆனால் தங்கள் நினைவின் மேல் அவர்கள் வைத்த நம்பிக்கை 5-க்கு 4-க்கு மேல். பழைய தாளை எடுத்துக் காட்டியபோதும் பழைய நினைவு திரும்பவில்லை. இப்போது சொல்வதுதான் சரி என்று வாதாடியவர்களும் உண்டு.

2001 செப்டம்பர் 11 தாக்குதலை வைத்து ஜெனிஃபர் டலாரிகோவும் டேவிட் ரூபினும் ட்யூக் பல்கலைக்கழக மாணவர்கள் 54 பேரிடம் செய்த ஆய்வு, 2003-ல் வந்தது, இதை இன்னும் துல்லியமாக்கியது. தாக்குதல் பற்றிய நினைவும் அதே வாரத்துச் சாதாரண நிகழ்ச்சி பற்றிய நினைவும் ஒரே வேகத்தில்தான் மாறின. வேறுபாடு உறுதியில் மட்டும். சாதாரண நினைவு மங்கும்போது அதன் மேல் இருந்த நம்பிக்கையும் குறைந்தது. தாக்குதல் நினைவில் நம்பிக்கை இறங்கவே இல்லை.

இதிலிருந்து, சுனாமியில் வீட்டாரை இழந்தவர் சொல்வதை நம்பக்கூடாது என்று முடிவுகட்டுவது அபத்தம். நடந்தது, எங்கே நடந்தது, யார் போனார்கள் என்ற நடுத்தண்டு பெரும்பாலும் நிற்கும். வரிசை, மணி, அலையின் எண்ணிக்கை, யார் என்ன சொன்னார்கள் என்ற கிளைகள்தான் முறியும். அச்சத்தில் கவனம் ஒரே பொருளில் குவிந்துவிடுவதும் ஒரு காரணம். கையில் பிடித்த குழந்தையின் சட்டை நிறம் சரியாக வரும். அலை வந்த திசை வராது.

ஐந்து பேரிடர், ஒரே ஞாபகம்

கடலூர்–புதுச்சேரிக் கரைக்கு இதில் தனிச் சிரமம் ஒன்று உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதே நவம்பர்–டிசம்பரில், அடிக்கு மேல் அடி விழுந்திருக்கிறது. ஒரே மாதிரி நிகழ்ச்சிகள் மூளையில் ஒரே ஸ்கீமாவில் சேர்ந்து ஒன்றோடொன்று கலந்துவிடும். "தானே புயல்ல வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி" என்று சொல்பவர் 2015-ன் தண்ணீரை 2011-க்குள் ஊற்றியிருக்க வாய்ப்புண்டு.

பிரித்துப் பார்க்கத் தேதியைக் கேட்டால் பயன் இல்லை. தேதியில் மனிதர் மிக மோசம். மனதை அதிரவைத்த பழைய சம்பவங்களை இருந்ததைவிட அண்மையில் கொண்டுவந்து வைப்போம். சேதத்தின் வகையைக் கேட்க வேண்டும்.

• மரம் சாய்ந்தது, ஓடு பறந்தது, வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போயின என்றால் அது காற்றின் வேலை: 2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை காலை, தானே புயல்.

• காற்று இல்லை, மழையும் ஆறும் மட்டும். நவம்பரில் ஒருமுறை, டிசம்பர் தொடக்கத்தில் மறுபடி என்றால் 2015.

• ஊரடங்கு, முகக்கவசம் எல்லாம் கதையில் வந்தால் 2020. இதில் இன்னொரு சிக்கல். நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி நிவர் புயல் கரை கடந்தது; அடுத்த வாரமே புரெவி வந்தது. சிதம்பரம் நடராஜர் கோயிலுக்குள் தண்ணீர் நின்றது புரெவி மழையில். நிவரில் என்று சொல்பவர்கள் ஏராளம்.

• புதுச்சேரி நகரமே தண்ணீரில் நின்றது, அதற்கடுத்து சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் என்றால் 2024 நவம்பர் 30, சனிக்கிழமை, ஃபெஞ்சல். ஒரே நாளில் புதுச்சேரியில் 48 செ.மீ.க்கு மேல் கொட்டியது.

சுனாமியை மட்டும் யாரும் இவற்றோடு குழப்புவதில்லை. அது வானம் தெளிந்திருந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை.

இப்படி ஓர் உறுப்பு எதற்கு

பிழையாகத் தோன்றும் இந்த அமைப்புக்குப் பயன் உண்டு. 2007-ல் டெமிஸ் ஹசாபிஸும் குழுவினரும் ஹிப்போகாம்பஸ் சேதமடைந்தவர்களிடம், கடற்கரையில் இருப்பதாகக் கற்பனை செய்து சொல்லுங்கள் என்றார்கள். அவர்களால் துண்டு துண்டாகத்தான் சொல்ல முடிந்தது. ஒரு காட்சியாகச் சேரவில்லை. கடந்ததைக் கட்டும் அதே பட்டறைதான் வரப்போவதையும் கட்டுகிறது. துண்டுகளைக் கழற்றி மாற்றிச் சேர்க்க முடிவதால்தான், அடுத்த புயலுக்குப் படகை எங்கே இழுத்துக் கட்டுவது என்று யோசிக்க முடிகிறது. நாள்வாரியாக வாழ்க்கையைச் சொல்லக்கூடிய அபூர்வ நினைவாற்றல்காரர்களும் விலக்கு இல்லை. 2013-ல் அத்தகைய 20 பேரைச் சோதித்தபோது, பொய் நினைவு உருவாகும் அளவு மற்றவர்களைப் போலவே இருந்தது.

காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும்

அமெரிக்காவில் டிஎன்ஏ சோதனையால் நிரபராதி என்று நிரூபணமாகி விடுதலையானவர்களின் வழக்குகளில், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நேரில் பார்த்தவரின் தவறான அடையாளம் காட்டல் இருந்தது. பெரும்பாலோர் பொய்ச் சாட்சிகள் அல்லர், உளமார நம்பியவர்கள்.

இங்கே, சந்தேக நபரை வேறு ஆட்களோடு நிறுத்திச் சாட்சியை அடையாளம் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பு, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 54-வது பிரிவின் கீழ் வருகிறது. அது கெடுவதற்குப் பொதுவான வழிகள் இரண்டு. அணிவகுப்புக்கு முன்பே சந்தேக நபரின் முகம் டிவியிலோ செல்போனிலோ சாட்சியின் கண்ணில் பட்டுவிடுவது ஒன்று. பிறகு சாட்சி அடையாளம் காட்டுவது குற்றம் நடந்த இடத்து முகத்தையா, போனில் பார்த்த முகத்தையா என்று பிரிக்க இயலாது. "சரியா காட்டிட்டீங்க" என்று யாராவது சொல்லிவிடுவது இன்னொன்று. 1998-ல் கேரி வெல்ஸும் ஏமி பிராட்ஃபீல்டும் செய்த சோதனையில், தவறான ஆளைக் காட்டியவர்களிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னதும் அவர்களுடைய உறுதி ஏறியது. முகத்தை நன்றாகப் பார்த்தேன், கவனித்துப் பார்த்தேன் என்று பழைய விவரங்களையும் மாற்றிச் சொன்னார்கள். ஆகவே சாட்சியின் உறுதியை அளப்பதானால் முதல் அடையாளத்தின்போதே அளக்க வேண்டும். முறையாக நடந்த முதல் அணிவகுப்பில் வெளிப்படும் உறுதிக்கு மதிப்பு உண்டு. இரண்டு வருடம் கழித்துக் கூண்டில் நின்று காட்டும் உறுதிக்கு அவ்வளவு இல்லை.

நீதிமன்றத்தில் சாட்சியை அழைத்த தரப்பு நடத்தும் முதல் விசாரணையில், பதில் சொல்லித்தரும் கேள்விகளை எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால் கேட்கக்கூடாது என்று சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் 146-வது பிரிவு சொல்கிறது. நல்ல விதி. ஆனால் வழக்கு நீதிமன்றத்துக்கு வருவதற்குள் சாட்சி அத்தகைய கேள்விகள் பலவற்றைக் கடந்து வந்திருப்பார் என்பதுதான் தொல்லை.

உண்மை கண்டறியும் ஊசி இந்தக் குறையைத் தீர்க்குமே என்று கேட்பவர்கள் உண்டு. தீர்க்காது. அந்த மருந்து தடையைத் தளர்த்திப் பேச வைக்கும். பேசுவது நினைவா, கற்பனையா, கேட்டவர் எடுத்துக்கொடுத்ததா என்று பிரிக்காது. கேள்வியின் பக்கம் சாய்வதும் கூடும். ஒப்புதல் இல்லாமல் இதை யாருக்கும் செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் செல்வி வழக்கில் 2010-லேயே தீர்ப்பளித்துவிட்டது.

கேட்பவரும் எழுதுபவரும் செய்ய வேண்டியவை

விபத்தோ, பயிர்ச் சேதமோ, சுனாமி பற்றிய வாய்மொழி வரலாறோ, முறை ஒன்றுதான். ரொனால்ட் ஃபிஷரும் எட்வர்ட் கைசல்மனும் 1980-களில் வகுத்த அறிவுசார் நேர்காணல் முறையின் சாரம் இதில் இருக்கிறது.

1. ஆட்களைத் தனித்தனியே, பேசிக்கொள்வதற்கு முன் கேளுங்கள். முடியாதபோது, "யார் யாரிடம் இதைப் பற்றிப் பேசினீர்கள், என்ன வீடியோ பார்த்தீர்கள்?" என்று கடைசியில் கேட்டு எழுதிவையுங்கள்.

2. முதலில் சூழலுக்குள் கொண்டுபோங்கள்: அன்று காலை எத்தனை மணிக்கு எழுந்தார், எங்கே நின்றார், என்ன சத்தம், என்ன வாசம். பிறகு "நடந்ததை எல்லாம் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லி நிறுத்துங்கள். மௌனம் விழுந்தால் பொறுத்திருங்கள். நடுவில் புகுந்து கேட்பதுதான் அதிகம் கெடுக்கிறது.

3. அவர் சொல்லாத பொருளைக் கேள்வியில் வைக்காதீர்கள். "சிவப்பு கார் எந்தப் பக்கம் போச்சு?" தவறு. "வண்டி ஏதாவது பார்த்தீங்களா?" சரி.

4. வரிசை முக்கியம் என்றால் முடிவிலிருந்து பின்னோக்கி ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள். பழக்கமான கதையோட்டம் உடையும்; இடையில் ஒட்டவைத்தவை சில கழன்று விழும்.

5. "ஞாபகம் இல்லை" என்பதும் பதில்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெரியவர்கள் முன் சிறுபிள்ளைகளும், அதிகாரி முன் சாதாரண ஆட்களும் அதைச் சொல்லத் தயங்கி எதையாவது சொல்லிவைப்பார்கள்.

6. காலத்தை நிறுவ நங்கூரம் தேடுங்கள்: பிள்ளை அப்போது எந்த வகுப்பு, நிவாரணப் பணம் ஏறிய பாஸ்புக் வரி, கைபேசிப் படத்தின் தேதி. ஃபார்வர்டு ஆகி வந்த படத்தின் தேதி உதவாது.

சம்பந்தப்பட்டவர் நீங்களே என்றால், அன்றைக்கே, யாரிடமும் விவரிப்பதற்கு முன், பார்த்தது ஒரு பக்கம், பிறர் சொல்லிக் கேட்டது ஒரு பக்கம் என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திடுங்கள். போலீசார் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 180-வது பிரிவின் கீழ் பதிவுசெய்யும் வாக்குமூலத்தில் உங்கள் கையெழுத்து வாங்கப்படுவதில்லை. உங்களுக்கென்று இருக்கப்போவது இந்தத் தாள்தான். சம்பவத்தின்போதோ, நினைவு பசுமையாக இருக்கும்போதே சற்றுப் பின்னரோ தானே எழுதிய குறிப்பைப் பார்த்து ஞாபகத்தைப் புதுப்பித்துக்கொள்ள, சாட்சிக் கூண்டில் நிற்பவரைச் சாக்ஷ்ய அதிநியமின் 162-வது பிரிவு அனுமதிக்கிறது. அப்படிப் பார்த்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படித்துக் குறுக்கு விசாரணை செய்யலாம். அதனால் அடித்தல் திருத்தல் இருந்தாலும் அப்படியே விடுங்கள். பிறகு சுத்தமாகப் பிரதி எடுத்தால், முதல் தாளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.